நின்று நின்று ஏறிய படிகள்

கொடைக்கானலில் இருபத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டரில் ரீடிங் எடுத்தவன் நான். இந்த ஊரில் வீடு என்றால் ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் ரோட்டுக்குக் கீழே இருக்கும். ரோட்டோடு சமமாக இருக்கிற வீடுகள் கொஞ்சம்தான். மேலே நாற்பது படி, கீழே அறுபது படி, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் இன்னும் இறங்கினால் கேரட் பாத்திக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட வீட்டில் ஒரு மீட்டர். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நான் அடுத்த தெருவில் இருப்பேன். எனக்கு உட்கார வராது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவேன்.

மூச்சு குறைந்தது எனக்கே தெரியாமல் நடந்தது. முதலில் ஏற்றத்தில் பேசுவதை விட்டேன். அப்புறம் ஏற்றத்தின் நடுவில் நின்று, போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு, "ஆங், ஆங், சொல்லுங்க" என்று யாரும் இல்லாத போனில் பேசினேன். மூச்சு திரும்பியதும் போனை வைத்துவிட்டு ஏறுவேன். கேட்டவர்களிடம் பனி என்றேன், குளிர் என்றேன். சிகரெட்டை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அதற்கு முன்னே இருபது வருஷம் ஊதியது இருக்கிறது. அதற்கும் முன்னே, ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும் என்று சாத்தியே வைத்திருந்த எங்கள் வீட்டில், பிறந்த நாளிலிருந்து குடித்த விறகுப் புகை இருக்கிறது.

போன வருஷம் ஆனி மாதச் சாரலில் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, உதடு நீலம் பாய்ந்த நிலையில் என்னை மலையிலிருந்து இறக்கித் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் படுக்கை. காய்ச்சல் விட்டதும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். என்னால் முடிந்த மட்டும் ஊதினேன். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போய்விட்டன, நுரையீரலில் பாதி வேலைதான் நடக்கிறது என்றார்.

"சரியாகிடுங்களா?"

"போன மூச்சு திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். மருந்தை ஒழுங்கா இழுங்க. தினம் நடங்க."

நடங்க என்று அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது போல. கூட இருந்த என் மனைவிக்குக் கேட்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகனுக்கும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு பெண் இருந்தார். என் மகன் வயசுதான் இருக்கும். நீளமான வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார். எவ்வளவு தூரம் போகிறேன் என்று பார்ப்பார்களாம். ஆறு நிமிஷம்தானே என்று நான் விறுவிறுவென்று போனேன். இரண்டு தடவை போய்த் திரும்பியதும் சுவர் ஆடியது. நாற்காலியில் விழுந்தேன்.

"இது ரேஸ் இல்லைங்க சார்," என்றார் அவர். விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, அதில் தெரியும் எண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூக்கு வழியா இழுங்க. உதட்டைக் குவிச்சு, டீயை ஊதி ஆத்துற மாதிரி மெதுவா விடுங்க. இழுக்கிறதைவிட விடுறது நீளமா இருக்கணும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் உங்க வேகம்."

"எனக்குப் பாடவே வராதுங்களே."

"பேசுங்க, போதும். பேச முடியலைன்னா நின்னுடுங்க. நிக்கிறது தப்பில்லை."

நிற்பது தப்பில்லை என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. நானும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் மெடிக்கல் லீவு. எங்கள் வீடு நாயுடுபுரத்தில். மனைவி ஒரு பள்ளி ஹாஸ்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்குப் போனால் மாலை நாலுக்குத்தான் வருவாள். போகும்போது, "கட்டில்ல படுங்க, இல்லாட்டி சேர்ல உக்காருங்க. வேற சோலி எதுவும் வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போவாள். மகன் மதியம் போன் செய்து, "அப்பா, சும்மா இருங்கப்பா," என்பான். ஆபீசிலிருந்து போன் செய்தவர்களும் ரெஸ்ட், ரெஸ்ட் என்றார்கள்.

முதல் வாரத்திலேயே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அலமாரியைக் காலி செய்து அடுக்கினேன். மறுநாள் வேறு மாதிரி அடுக்கினேன். டிவியைப் போட்டு அணைத்தேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தேன். என் வீட்டு மீட்டரையே காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்த்து ஒரு தாளில் குறித்து வைத்தேன். மனைவி வந்ததும், "இன்னிக்கு எத்தனை யூனிட்டுங்க?" என்று கேட்பாள். சிரிக்காமல் கேட்பாள். உட்கார உட்கார மூச்சும் மோசமானது. குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள் இரைத்தது.

இரண்டாவது வாரம் ஒருநாள் அவள் போனதும் ஷூவை மாட்டினேன். கேட் வரை. அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டி வரை. ஒரு வாரத்தில் மெயின் ரோடு. அதற்கு மேல் என் கால்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், ஆனந்தகிரிக்கு ரீடிங் எடுக்கப் போகிற வழி. எந்த யோசனையும் இல்லாமல் அதில் போனேன். ஏற்றமான வீடுகளை விட்டுவிட்டு, ரோட்டோரமாக இருக்கிற வீடுகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

இதில் நான் நினைக்காத ஒன்று நடந்தது. என்னைப் பார்த்ததும் ஜனங்கள் வெளியே வந்தார்கள். ஒரு வீட்டில் நாயைப் பிடித்துக் கட்டினார்கள். இன்னொரு வீட்டில் உள்ளே யாரோ ஓடிப்போய் ஹீட்டரை அணைத்த சத்தம் கேட்டது.

"சார், போன வாரந்தானே ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போனாரு?"

நோயாளி, நடக்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மா, செக்கிங்," என்றேன். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நாலே நாளில், கரண்ட் ஆபீசிலிருந்து ரகசியமாகச் சோதனை நடக்கிறது என்று ஆனந்தகிரி முழுக்கப் பேச்சு. என் கூட வேலை பார்க்கும் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, நீங்க லீவுலதானே இருக்கீங்க? ஏதோ செக்கிங் போறதா இங்க ஒருத்தர் வந்து சண்டை போடுறாரு."

ஹாஸ்டல் சமையலறைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவி அன்று வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"எங்க போனீங்க?"

"கேட் வரைக்கும்."

"கேட்டு ஆனந்தகிரியிலயா கெடக்கு?"

அவள் அழுதாள். உதடு நீலமாக இருந்த அன்று ஜீப்பில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கி வத்தலக்குண்டு வரை வந்தவள் அவள்தான். அந்த வளைவுகள் ஒவ்வொன்றிலும் அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில், நடந்தே ஆகணும் என்றால் ஏரி ரோட்டில் மட்டும் நடங்கள், அங்கே ஏற்றம் இல்லை, ஆள் நடமாட்டம் இருக்கும், படிப் பக்கம் போகவே கூடாது என்றாள். சரி என்று சத்தியம் செய்தேன்.

ஏரி ரோட்டைப் பற்றி ஊரே நல்லதாகச் சொல்லும். எனக்கு அது நரகமாக இருந்தது. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். சைக்கிள் தாண்டியது, குதிரை தாண்டியது, தேனிலவுக்கு வந்தவர்கள் கை கோத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், தாண்டினார்கள். என்னைவிடப் பத்து வயசு மூத்த ஒரு பெண்மணி கையை வீசி வீசி இரண்டு தடவை என்னைத் தாண்டினார். மூன்றாவது தடவை அவர் வரும் சத்தம் கேட்டதும் நடையை எட்டிப் போட்டேன். ஐம்பது அடிகூட இல்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். டூரிஸ்ட் ஒருவர், "ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா சார்?" என்று கேட்டார். சுற்றி நாலு பேர். சோளக்கதிர் சுடுகிறவர் விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஏரிப் பக்கம் போகவில்லை. சத்தியத்தை மீறினேன்.

ஆனந்தகிரியின் ஓரத்தில், ரோட்டிலிருந்து எண்பத்தாறு படி கீழே ஒரு பாயின் வீடு இருக்கிறது. பஜாரில் நாற்பது வருஷம் ஸ்வெட்டர், கம்பளிக் கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மீட்டர் பார்க்கப் போனால் டீ கொடுக்காமல் விடமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, மேலே நின்று எட்டிப் பார்க்கலாம் என்றுதான் போனேன். இறங்குவதற்கு மூச்சு தேவையில்லை. அதுதான் ஏமாற்றிவிட்டது. இறங்கிவிட்டேன்.

முற்றத்தில் நாற்காலி போட்டு ஒரு பழைய ஸ்வெட்டருக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார் பாய். நாற்காலியில் ஒரு பழைய கைத்தடி சாய்ந்திருந்தது.

"வாங்க சார். செக்கிங்கா? ஊரே பேசுது."

சிரித்துவிட்டேன். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். ஆஸ்பத்திரி, ஊதிப் பார்த்தது, லீவு. டீ வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில், முதல் இருபது படியை ஒரே மூச்சில் ஏறினேன்.

இருபத்தி இரண்டாவது படியில் நெஞ்சு பூட்டிக்கொண்டது. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. வெளியே வராததால் புதிதாக உள்ளே போகவும் இல்லை. படியில் உட்கார்ந்து பாக்கெட்டைத் தடவினேன். இழுக்கிற மருந்து இல்லை. வீட்டில் இன்னொரு ஜெர்கின் பாக்கெட்டில் கிடக்கிறது. பனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ரோடு தெரியவில்லை, கீழே வீடும் தெரியவில்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும்தான், யாரோ மரம் அறுக்கிற மாதிரி.

தடி தட்டும் சத்தம் கேட்டது. பாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்து, உதட்டைக் குவித்து, டீ ஆற்றுகிற மாதிரி ஊதினேன். அந்த வராந்தாப் பெண் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"வீட்டுக்குப் போன் போடவா சார்?"

தலையை ஆட்டினேன். வேண்டாம்.

"போட்டாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. இந்தப் படியில வண்டி எறங்காது. நாலு பேரு வந்து தூக்கணும்."

நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு படியேறுவதை நினைத்துப் பார்த்தேன். நானே ஏறுவேன் என்றேன்.

"அப்பச் சரி. எனக்கும் ஜும்மாவுக்கு மேல போகணும். இந்த முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது. நீங்க கூட வந்தா மெல்ல ஏறிடுவேன்."

ஏறினோம். நாலு படிக்கு ஒரு தடவை அவர் சுவரில் கை வைத்தார். "கொஞ்சம் நிப்போம் சார். முட்டி." நின்றோம். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கதை. மே மாதம் மூன்று ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு, கீழே இறங்கும் முன் வந்து பெரிசாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்த குடும்பத்தின் கதை. சாயம் போகாது என்று சொல்லிக் கொடுத்த தொப்பி, மழையில் மாப்பிள்ளையின் நெற்றியைப் பச்சையாக்கிய கதை. மேலே வந்து சேர அரை மணி நேரம் ஆனது. ஆனால் வந்து சேர்ந்தபோது நான் இரைக்கவில்லை. பேச முடிந்தது.

எனக்கு வந்த பெருமையைச் சொல்லியாக வேண்டும். "பயப்படாதீங்க பாய்," என்றேன். "மெதுவா ஏறினா முட்டி ஒண்ணும் பண்ணாது. வாரத்துக்கு மூணு நாள் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வாங்க சார். நீங்க இருந்தாத் தைரியமா இருக்கு," என்றார் பாய்.

அப்படியே ஒன்றரை மாதம் போனது. திங்கள், புதன், வெள்ளி. இறங்குவேன், டீ குடிப்பேன், அவரைக் கூட்டிக்கொண்டு ஏறுவேன். பதினெட்டு இடத்தில் நின்றது பதிமூன்றானது. பிறகு ஒன்பதானது. பாயின் முட்டி தேறி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். வீட்டில் அலமாரியைத் தொடவில்லை. மீட்டரை மறந்தேன். மனைவியிடம் மட்டும் ஏரி ரோடு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வெள்ளனே விழிப்பு வந்துவிட்டது. படுக்க முடியவில்லை. மனைவி வேலைக்குப் போனதும் நானும் கிளம்பி, வழக்கமான நேரத்துக்கு முன்பே பாய் வீட்டில் இறங்கினேன். அவர் மனைவி பாயம்மா மட்டும் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு மேல போயிருக்காரு சார். இப்ப வந்துருவாரு. பால் வாங்கியார்றேன்னு போனாரு."

"தனியாவா? முட்டியோடவா?"

"முட்டிக்கு என்ன சார்? ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷமாச்சே. காலைத் தொழுகைக்கு ஒரு தடவை போயிட்டு வந்துட்டாரு. தெனம் அஞ்சு வேளையும் ஏறி எறங்குறாரு. இந்த மனுசனை வீட்டுல உக்கார வைக்க முடியுதா?"

எனக்குக் காது சூடானது. பாயம்மாவுக்கு விஷயம் எதுவும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினேன். கோபத்தில் பத்துப் படி வேகமாக ஏறி, நின்று, மறுபடி வேகமாக ஏறி, நின்றேன். நல்லவேளை, பாய் எதிரே வரவில்லை. என்னைக் குழந்தை மாதிரி ஏமாற்றியிருக்கிறார். அதிலும் நான் அவருக்குப் புத்தி வேறு சொன்னேன். பயப்படாதீங்க பாய்!

பத்து நாள் போகவில்லை. பாய் இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. மறுபடி ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடை. மனைவி எது சொன்னாலும் எரிந்து விழுந்தேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிய அன்று அவள் கேட்டாள்: "என்ன ஆச்சு உங்களுக்கு? சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியம் மீறியது, இருபத்தி இரண்டாவது படி, மருந்தை மறந்தது, முட்டி, ஒன்றரை மாதம். மருந்தை மறந்தேன் என்ற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய சண்டை வரும் என்று காத்திருந்தேன்.

"ஏத்தத்துல நின்னு யாருமே இல்லாத போன்ல பேசுவீங்களே," என்றாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நான் பக்கத்துல நின்னுக்கிட்டு, பேசி முடிங்கன்னு பொட்டிக்கடைய வேடிக்கை பாப்பேன். எத்தனை வருசம்?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க நடிக்கலாம், நான் நடிக்கலாம். அவரு நடிச்சா மட்டும் ஆகாதா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும் முன் வீட்டில் இருக்கிற ஜெர்கின், ஸ்வெட்டர், சட்டை எல்லாவற்றின் பாக்கெட்டையும் பார்த்து, மருந்து ஒன்றை என் கையிலும் இன்னொன்றைத் தன் பையிலும் வைத்தாள். எண்பத்தாறு படியையும் எண்ணிக்கொண்டே இறங்கினாள். பாய் முற்றத்தில் நின்றார். கையில் தடி இல்லை.

"முட்டி எப்படி பாய்?" என்றேன்.

"இன்னிக்கு நல்லா இருக்கு சார்." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்கு?"

"எனக்கு நல்லா இல்ல பாய். நடுவுல எட்டு எடத்துல நிக்கணும்."

"நிப்போம்."

என் வாயால், இன்னொரு ஆளிடம், நான் நிற்க வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஏறும்போது முதல் நிறுத்தத்தை நானே சொன்னேன். சொல்வது கஷ்டமாக இருந்தது. இரண்டாவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மனைவியும் பாயம்மாவும் எங்களுக்கு முன்னால் ஏறிப்போய், மேலே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

லீவு முடிகிற வாரம் திண்டுக்கல் போனோம். மறுபடி குழாயில் ஊதினேன். டாக்டர் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கம் பக்கமாக வைத்தார். "நுரையீரல் அப்படியேதான் இருக்கு. பெருசா மாற்றமில்லை," என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அப்புறம் அதே வராந்தாவில் ஆறு நிமிஷம் நடந்தேன். இரண்டு இடத்தில் நானாக நின்றேன், உதட்டைக் குவித்து ஊதினேன், மறுபடி நடந்தேன். ஆறு நிமிஷம் முடிந்தபோது நாற்காலி எனக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பெண் தூரத்தைக் குறித்துவிட்டு, "போன தடவையைவிட ரொம்ப அதிகம் சார்," என்றார். நுரையீரல் மாறவில்லை, கால் மாறியிருக்கிறது, அது கேட்கிற காற்று குறைந்திருக்கிறது என்று விளக்கினார். எனக்கு முழுசாகப் புரியவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோ வேண்டாம் என்றேன். மனைவியும் கூடவே நடந்தாள்.

ஆபீசில் என் பழைய பகுதியைக் கேட்டேன். அதிகாரி யோசித்தார். ஆனந்தகிரியை இன்னொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. பஜார்ப் பகுதியை மட்டும், அதுவும் பாதி நாள், பாக்கி நேரம் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற வேலை என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை என்று மறைக்காமல் சொல்கிறேன். இப்போதும் பிடிக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த நாற்காலியில் என் கால் தானாக ஆடத் தொடங்கும். பக்கத்து மேஜைக்காரர் மேஜை ஆடுகிறது என்பார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை தண்ணீர்.

இந்தக் குளிர்காலத்துக்குப் பாய் மலைக்குக் கீழே ஆயக்குடியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். கொய்யாத் தோப்புகளுக்கு நடுவே சமதரையில் தினமும் நடக்கிறாராம். நான் தனியாகத்தான் படிகளில் ஏறி இறங்குகிறேன். பாயம்மாவும் உடன் போய்விட்டதால் கீழே டீ கிடையாது. போன வாரம் சளி பிடித்து மூன்று நாள் வீட்டை விட்டு நகரவில்லை. நாலாம் நாள் கேட் வரை போனேன். அதற்கு அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டி வரை. இன்று காலை வெயில் அடிக்கிறது, மனைவிக்கு ஹாஸ்டலில் விடுமுறை. துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன், பத்து நிமிஷம் இருங்கள் என்றாள். நான் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். பத்து நிமிஷம் ஆகிவிட்டது போலிருக்கிறது. உள்ளே கடிகாரத்தைப் பார்த்தால் நாலு நிமிஷம்தான் ஆகியிருக்கிறது.